கிணற்றைப் பற்றி எப்படிக் கேட்பது: சித்தூர் எல்லையில் சில வழிகளின் ஒப்பீடு

"கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் குறைந்துள்ளதா? ஆம், இல்லை, தெரியாது." வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் இந்தக் கேள்வியை வாசித்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் "ஆமாங்க" என்றார். அதற்கு முன்னால் போன வீட்டிலும் ஆமாங்கதான். அதற்கும் முன்னால் போன வீட்டிலும் அதேதான். பதினெட்டுக் கேள்விகளையும் முடித்து ஃபைலை மூடும்போது, மோர் கொண்டுவந்த அவர் மனைவி போகிற போக்கில் சொன்னார்: "கெழக்கால தோட்டத்துக்காரங்க எண்ணூறு அடிக்குப் போர் போட்டு நரம்பை அறுத்துப்போட்டாங்க கண்ணு. அப்புறம் நம்ம கெணத்துக்கு எங்கிருந்து வரும்?"

என் பதினெட்டுக் கேள்விகளில் வராதது எல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தது. பூமிக்கு அடியில் தண்ணீர் நரம்பில் ஓடுகிறது. அந்த நரம்பு கிழக்கிலிருந்து வருகிறது. அதை அறுக்க முடியும். அறுந்தால் ஒட்டாது. அறுத்தது யார் என்றும் தெரியும். என் தாளில் இதை எழுத இடம் இல்லை. ஓரத்தில் கிறுக்கிக்கொண்டு வந்தேன்.

மனிதர் தலைக்குள் உலகத்தின் சின்ன மாதிரி ஒன்று இருக்கிறது, ஒன்றைச் செய்யும் முன் அதில் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார் என்று கென்னத் கிரெய்க் என்ற உளவியலாளர் 1943-ல் எழுதினார். அந்த மாதிரியை வெளியே கொண்டுவர மானிடவியல், உளவியல், ஊரகப் பணி என்று பல பக்கங்களிலிருந்து வழிகள் வந்திருக்கின்றன. எல்லாமே நல்ல வழிகள்தான். ஆனால் கையில் இருப்பது நாலு வாரம், இரண்டு பேர், ஒரு பைக் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது? ஆய்வுக்காக ஊருக்குள் போகும் மாணவர்களுக்கும், களப்பணியாளர்களுக்கும் உதவும் என்றுதான் நாங்கள் பட்டதை எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: பேட்டி முடிந்த பிறகு தாளில் இருக்கும் சொற்கள் யாருடையவை?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம், தமிழ்நாட்டு எல்லை: கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். முன்னால் கொச்சி ராஜ்யத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்த வட்டம் இது. 1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்குள் வந்தது. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இந்தப் பக்கம் கிடையாது, நிலமும் பார்க்கக் கொங்கு நாடு போலத்தான். 1970-ல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். மணக்கடவு தாண்டி மூலத்தரையில் அதைப் பிரித்து வாய்க்காலில் விடுகிறார்கள். வாய்க்கால் எட்டாத இடத்தில் கிணறும் போரும்தான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று சித்தூர் ஒன்றியத்தின் பெயர் வந்திருக்கிறது. இதே வட்டத்தில்தான் பிளாச்சிமடையும் இருக்கிறது. 2002 ஏப்ரலில் குளிர்பான ஆலைக்கு எதிராக அங்கே போராட்டம் தொடங்கியபோது, கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது, அந்தத் தண்ணீரில் சோறு ஒழுங்காக வேகவில்லை என்பதெல்லாம் மக்கள் சொன்ன புகார்களில் இருந்தன. அவர்கள் தண்ணீரை அளந்தது வாயாலும் சோற்றுப் பானையாலும்.

எங்கள் வேலை சின்னது. கூரையில் விழும் மழையைக் கிணற்றுக்குள் விடும் ஏற்பாட்டை இங்கே கொண்டுவர விரும்பிய ஒரு விவசாயிகள் குழுவுக்கு உதவுவது. திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் மழைப்பொலிமா என்ற பெயரில் தொடங்கி நன்றாக நடந்த வேலை அது. அதே நோட்டீஸை இங்கே கொடுத்தால் பலர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள், குழாய் மட்டும் யாரும் போடவில்லை. ஏன் என்று கேட்கத்தான் அந்தப் பதினெட்டுக் கேள்விகள்.

கேள்வித்தாளை முதலில் எடுக்கவே எடுக்காதீர்கள்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வித்தாள் எண்ணிக்கை சொல்லும். இத்தனை பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று திட்டத்துக்குப் பணம் கொடுப்பவரிடம் காட்டலாம். ஆனால் 'நீர்மட்டம்' என்ற சொல்லை நான் வாசித்த நொடியில், பூமிக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்ற என் படத்தை அவர் முன்னால் வைத்துவிட்டேன். மரியாதை தெரிந்த மனிதர், வீடு தேடி வந்த பெண் கேட்கிறாள் என்று ஆமாங்க என்றார். அதை அவருடைய நினைப்பு என்று கணக்கில் ஏற்றுவது தப்பு. மற்ற வழிகளில் அவர்கள் சொற்கள் கிடைத்த பிறகு, அதே சொற்களைப் போட்டுக் கேள்வித்தாள் தயாரித்தால் அது நல்ல கருவி. கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து பேரை ஆலமரத்தடியில் உட்கார வைத்தால் மூன்று பேர் பேசுவார்கள், அதில் ஒருவர் கட்சிக்காரராக இருப்பார். ஊருக்குள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் சண்டை என்று தெரிந்துகொள்ள நல்லது. ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அங்கே வெளியே வராது.

நிபுணர் படத்தை வைத்துக்கொண்டு கேட்பது

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிரேஞ்சர் மார்கன், பாருக் ஃபிஷாஃப், ஆன் பாஸ்ட்ரம் முதலியோர் வளர்த்த முறை இது. ஓர் ஆபத்தைப் பற்றி, எது எதை உண்டாக்குகிறது என்று நிபுணர்கள் அறிந்ததை அம்புக்குறிப் படமாக வரைந்துகொள்கிறார்கள். பிறகு சாதாரண மக்களிடம் திறந்த பேட்டி. முதல் கேள்வியே "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். அவர்கள் சொன்னதைப் படத்தோடு ஒப்பிட்டு எது இல்லை, எது தப்பு, எது புதிது என்று பார்க்கிறார்கள். கடைசியில்தான் கேள்வித்தாள்.

இதன் பலம் ரேடான் கதையில் தெரியும். வீட்டுக்குள் தரை வழியாகக் கசியும் கதிரியக்க வாயு அது. பாதியாகக் குறைய நாலு நாள்கூட ஆகாது, கசிவை அடைத்துக் காற்றோட்டம் செய்தால் போய்விடும். ஆனால் ஒருமுறை வந்தால் வீடே நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பலர் நினைத்திருந்தது பேட்டிகளில் வெளிவந்தது. அணுக்கழிவு ஆயிரம் ஆண்டு இருக்கும் என்று கேட்டிருந்ததை இதற்கும் பொருத்திக்கொண்டார்கள். அப்படி நினைப்பவர் சோதனையே செய்ய மாட்டார். எந்தத் தப்பைத் திருத்தினால் ஆள் நகர்வார் என்று இந்த முறை துல்லியமாகக் காட்டிவிட்டது.

எங்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. நிபுணர் படம் சரியான படமாக இருந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். பள்ளிப் புத்தகத்தில் நிலத்தடி நீர் என்றால் மணல் அடுக்கு, அதற்குள் நீலமாக நிரம்பிய தண்ணீர். சித்தூரின் கிழக்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கொஞ்ச ஆழம், அதற்குக் கீழே தண்ணீர் இருப்பது பாறையின் விரிசல்களில் மட்டும். அதனால்தான் ஒருவர் தோட்டத்தில் நூறு அடியில் தண்ணீர் பீய்ச்சும், வரப்புக்கு இந்தப் பக்கம் திருச்செங்கோட்டு போர் வண்டி ஆயிரம் அடி துளைத்தும் வெறும் புழுதி பறக்கும். இந்த மண்ணுக்கு நரம்பு என்ற நினைப்பு, பள்ளிப் புத்தகத் தொட்டியைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொட்டிப் படத்தை 'சரி' என்று வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு மார்க் போட்டிருந்தால் எவ்வளவு பெரிய பிழை! இந்த முறையை எடுத்தால், அந்த ஊர்ப் பாறையை அறிந்த ஒரு புவியியலாளரோடு இரண்டு நாள் உட்கார்ந்த பிறகு எடுங்கள்.

பட்டியல் கேட்பது

மலிவானது, வேகமானது, முதல் நாளே தொடங்கலாம். "தண்ணி எங்கெங்கிருந்து வருதோ, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சொல்வதைச் சொன்ன வரிசையில் எழுதிக்கொள்வது, அவ்வளவுதான். முதலில் வரும் சொல்லுக்கும் பலர் வாயில் வரும் சொல்லுக்கும் மதிப்பு அதிகம். ஜெரோம் ஸ்மித் என்ற மானிடவியலாளர் 1993-ல் இதற்கு எளிய கணக்கு ஒன்று கொடுத்தார். ஒருவர் பத்துச் சொல் சொன்னால் முதல் சொல்லுக்கு பத்தில் பத்து, அடுத்ததற்கு பத்தில் ஒன்பது, இப்படியே இறங்கும். ஒரு சொல்லுக்கு எல்லாரிடமும் கிடைத்ததைக் கூட்டி, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தாளும் கால்குலேட்டரும் போதும்.

ஆட்கள் எத்தனை பேர் வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். ராம்னி, வெல்லர், பாட்ச்செல்டர் மூவரும் 1986-ல் காட்டியது ஆறுதலானது: ஊரார் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒத்த நினைப்போடு இருந்தால், பத்துப் பேருக்கும் குறைவானவர்களே போதும். ஒத்துப்போகவில்லை என்றால் ஆட்கள் கூட வேண்டும், அந்த ஒத்துப்போகாமையே ஒரு செய்தி.

எங்கள் பட்டியலில் ஊற்று, நரம்பு, வாய்க்கால், ஏரி, டேங்கர் லாரி, பைப் எல்லாம் வந்தன. 'மழை' பலர் பட்டியலில் கீழேதான் இருந்தது, சிலருக்கு வரவே இல்லை. மழைத் தண்ணீரைக் கிணற்றில் விடுங்கள் என்ற நோட்டீஸ் ஏன் சட்டைப் பையிலேயே தங்கியது என்பதற்கு முதல் தடயம் இதுதான். பட்டியல் இவ்வளவு செய்யும். சொற்களுக்கு நடுவே என்ன உறவு என்று அதற்குத் தெரியாது.

அட்டை அடுக்குவது

பட்டியலில் வந்த சொற்களைச் சொல்லுக்கொரு அட்டையில் எழுதி, "எது எது சேருமோ சேர்த்து வைங்க" என்று கொடுப்பது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம், அல்லது பொருளே. அடுக்கிய பிறகு ஒவ்வொரு குவியலையும் காட்டி "இதெல்லாம் ஏன் ஒண்ணா இருக்கு?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை விட்டால் வேலை பாதிதான்.

இந்த முறைக்குப் பெரிய எச்சரிக்கை லைபீரியாவிலிருந்து வந்தது. ஜோசப் கிளிக் என்ற ஆய்வாளர் கிபெல்லே விவசாயிகளிடம் உணவு, கருவி என்று கலந்த பொருள்களைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். அவர்கள் கத்தியை ஆரஞ்சோடு வைத்தார்கள், மண்வெட்டியைக் கிழங்கோடு. அறிவுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்றும் சொன்னார்கள். உணவெல்லாம் ஒரு பக்கம், கருவியெல்லாம் ஒரு பக்கம் என்று அவர் எதிர்பார்த்த அடுக்கு வரவே இல்லை. கடைசியில், "முட்டாள் எப்படி வைப்பான்?" என்று கேட்டார். உடனே உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து வைத்தார்கள். இரண்டு அடுக்கும் அவர்களிடம் இருந்தன. எது புத்திசாலித்தனம் என்பதில்தான் ஆய்வாளருக்கும் அவர்களுக்கும் வேறுபாடு. இதைப் படித்த நாளிலிருந்து ஒருமுறை அடுக்கியதும் கலைத்துவிட்டு, "வேற மாதிரி வைக்க முடியுமாங்க?" என்று இன்னொரு முறையும் கேட்கிறேன்.

எல்லைப் பக்கம் அட்டை முறைக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நாங்கள் தமிழில் எழுதிய அட்டைகளில் 'வெள்ளம்' என்று ஒன்று. தமிழில் வெள்ளம் என்றால் கரைபுரண்டு வருவது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். இங்கே இரண்டும் தெரியாதவர் கிடையாது. கோயம்புத்தூரில் படிக்கும் ஒரு பையன் அதைப் புயலோடு வைத்தான். சரி, அட்டை கெட்டது, எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அடுத்த வீட்டில் ஓர் அக்கா அதைத் தனியாக எடுத்து வாய்க்கால், ஷட்டர், டேம் மூன்றோடும் வைத்தார். ஏனுங்க என்றால், "வெள்ளம்னா மூலத்தரைல இருந்து அவங்க விடறது. தண்ணின்னா நம்ம கெணத்துது." வாய்க்கால் திறக்கும் அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது, அந்தச் சொல் அந்த நீரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே நீருக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர் என்று நாங்கள் நினைத்திருக்க, அவருக்கு அவை இரண்டு வேறு நீர்கள்: ஒன்று சர்க்கார் கொடுப்பது, கேட்டு வாங்க வேண்டியது, மற்றது சொந்தம், யாரையும் கேட்க வேண்டாம். அட்டையை வைத்துக்கொண்டோம். ஒரு மொழியில் மட்டும் அட்டை தயாரித்து, இன்னொரு மொழியை 'மொழிபெயர்ப்பு' என்று பின்பக்கம் எழுதும் வழக்கத்தை அன்றோடு விட்டோம். இரு மொழிச் சொற்களும் தனித்தனி அட்டையாக இருக்கட்டும், ஒன்றா வேறா என்று அடுக்குபவர் சொல்லட்டும்.

மூன்று கிணறு

ஜார்ஜ் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1955-ல் முன்வைத்தது. ஆளுக்குத் தெரிந்த மூன்றைக் காட்டி, "இதில் எந்த ரெண்டு ஒண்ணு போல, எது வேற?" என்று கேட்க வேண்டும். எந்த விதத்தில் என்பதற்கு அவர் சொல்லும் பதில்தான் அவர் உலகத்தைப் பிரிக்கும் கோடு. கெல்லி மனிதர்களைப் பற்றிக் கேட்கத்தான் இதைச் செய்தார், கிணறுகளுக்கும் பொருந்துகிறது.

உங்கள் கிணறு, உங்கள் அண்ணன் கிணறு, ரோட்டோரம் இருக்கும் புதுப் போர் என்று கேட்டேன். ஆழம், உப்பு, வற்றும் மாதம் என்று வரும் என்று எதிர்பார்த்தேன். முதல் ஆளே, "இது ரெண்டும் பங்குக் கெணறுங்க. அது தனி" என்றார். அடுத்த மூன்றிலும் அதே கோடு. பங்காளிகள் முறை வைத்து இறைத்த காலத்தில் ஒரு கிணறு வற்றினால் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரியும். போர் வந்த பிறகு யார் எவ்வளவு எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த முறையின் அருமை அங்கேதான் விளங்கியது: நாம் யோசித்தே பார்க்காத கோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். குறையும் உண்டு. ஐந்தாறு தடவைக்கு மேல் கேட்டால் சலித்துவிடும், பள்ளித் தேர்வு போல ஆகிவிடும். வயதானவர்களிடம் மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரையில் படம்

இடம் சம்பந்தப்பட்ட நினைப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் எழுதிப் பரப்பிய ஊரகப் பங்கேற்பு முறைகளில், தாளை விட்டுவிட்டுத் தரையில் கோலப்பொடி, விதை, கல் வைத்து ஊராரே படம் போடுவது பெரிதாக வளர்ந்ததும் இந்தியக் கிராமங்களில்தான். தாளும் பேனாவும் கொடுத்தால் படித்தவர் கைக்குப் போய்விடும். கோலப்பொடி பெண்கள் கைக்குப் பழகியது.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் இங்கே எல்லாம் இருக்கிறது. வாலண்டைன் டேனியல் என்ற மானிடவியலாளர் திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வு 1984-ல் வெளிவந்தது. 'கிராமம்' வரையச் சொன்னால் எல்லைக்கோடு போடுகிறார்கள், 'ஊர்' வரையச் சொன்னால் கோயில், முச்சந்தி, ஊருக்குள் வெளியாட்கள் நுழையும் இடம், காவல் தெய்வம் என்று போகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே இடம், ஒரே கை, சொல் மாறியதும் படம் மாறிவிட்டது. எங்களுக்கும் அப்படித்தான். 'உங்க பஞ்சாயத்து' என்றால் சாலையும் மாநில எல்லையும் வந்தன. 'உங்க தண்ணி' என்றால் எல்லைக்கோடு காணாமல் போனது. ஆழியாறு, மலை, கோபாலபுரம் பக்கத்து உறவினர் தோட்டம் எல்லாம் ஒரே தரையில் வந்து உட்கார்ந்தன. அடியில் ஓடும் நரம்பை ஒருவர் குச்சியால் கீறிக்கொண்டே போனார். செக்போஸ்ட்டுக்கு அடியிலும் அது நிற்கவில்லை.

இதற்கு நேரம் பிடிக்கும், ஒரு படத்துக்கு அரை நாள். படத்தைப் போட்டோ எடுத்தால் போதாது, எது முதலில் விழுந்தது என்ற வரிசையையும் எழுத வேண்டும். குச்சியைப் பிடித்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகப் போட்டால்தான் இரண்டு படமும் கிடைக்கும்.

கூட நடப்பதும், நடந்ததைக் கேட்பதும்

"ஏன் அங்கே போர் போட்டீங்க?" என்று கேட்டால் நல்ல காரணம் ஒன்று வரும். ஆனால் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977-ல் விளக்கமாகக் காட்டியது இது: தன் செயலுக்கான காரணம் என்று மனிதர் சொல்வது பல சமயம் அந்தச் செயலை உண்மையில் நடத்தியதோடு சேர்வதில்லை. பொய் சொல்வதில்லை, நியாயமாகத் தோன்றுவதைச் சொல்கிறார்கள். அதனால் ஏன் என்று கேட்பதை விட்டு, "போன தடவை போர் போட்ட அன்னைக்குக் காலைல இருந்து என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்பது மேல். ஜான் ஃபிளனகன் 1954-ல் இப்படிக் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக் கேட்பதை முறையாகவே எழுதினார்.

எனக்கு இந்த வழியில் கிடைத்ததுபோல வேறெதிலும் கிடைக்கவில்லை. விஞ்ஞான முறைப்படி மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தோம் என்று சொன்ன ஒரு பெரியப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அன்றைய நாளைச் சொல்லச் சொன்னேன். மீட்டர்காரர் மூன்று இடம் குறித்தது உண்மை. மூன்றில் எது என்று முடிவு செய்தது, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தவர். தேங்காய் எழுந்து நின்ற இடம் வேப்ப மரத்துக்குப் பக்கம். வேம்பு வேர் இறங்கிய இடத்தில் ஈரம் இருக்கும் என்பது பெரியப்பாவின் அப்பாரு சொன்னது. மூன்று அறிவும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரு முடிவாகியிருக்கின்றன. வீட்டுத் திண்ணையில் மீட்டர் மட்டும்தான் வந்தது. இடத்தில் நின்றதும் கால் அங்கங்கே நிற்கிறது, கை காட்டுகிறது, மறந்தது வருகிறது.

சொல்லும் விளக்கம் ஒன்று, நடைமுறை ஒன்று என்பதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றை அமெரிக்காவில் வில்லெட் கெம்ப்டன் 1986-ல் வீட்டுச் சூடாக்கியைப் பற்றி எழுதினார். வெப்பத்தை அமைக்கும் அதன் குமிழைப் பலர் வால்வு போல நினைத்தார்கள்: கூடத் திருகினால் கூட வெப்பம், சீக்கிரம் வெப்பம். பொறியாளருக்கு அது தப்பு. ஆனால் அந்த நினைப்பை வைத்தே அவர்கள் வீட்டை ஓரளவு நன்றாக ஓட்டினார்கள். ஐந்து எச்.பி. மோட்டாரை ஏழரை ஆக்கினால் தண்ணீர் கூட ஊறும் என்று நம்பும் நம் ஆட்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது. முதல் சில நாள் கூட வரவும் செய்கிறது, நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது.

கூட நடப்பதன் விலை நேரம். ஒரு நாளில் இரண்டு பேருக்கு மேல் முடியாது. பதிவைக் கேட்டு எழுத இன்னும் இரண்டு நாள். வெயிலில் நடக்க முடியாத முதியவரும், தோட்டம் இல்லாத கூலிக்காரரும் இதில் விடுபட்டுப் போவார்கள். தோட்டம் இல்லாதவர்களுக்கு நாங்கள் கிணற்றுக்குப் பதிலாகக் குடத்தோடு நடந்தோம்: எந்தக் குழாய், எந்த நேரம், அது வராத அன்று எங்கே.

சரி, எதை எடுப்பது?

நாலு வாரம் இருந்தால் நான் இப்படிச் செய்வேன். முதல் மூன்று நாள் பட்டியல், பதினைந்து பேரிடம். பிறகு ஒன்றரை வாரம் கூட நடப்பது, எட்டுப் பேர் போதும், ஆனால் எட்டும் எட்டு விதமாக இருக்க வேண்டும். அதில் கிடைத்த சொற்களை வைத்து ஒரு வாரம் அட்டையும், இடையிடையே மூன்று கிணறும். ஆண்களோடு ஒன்று, பெண்களோடு ஒன்று என இரண்டு தரைப்படம். மிச்ச நாளில் அவர்கள் சொற்களால் ஆன சின்னக் கேள்வித்தாள். ஒரே வாரம்தான் என்றால் பட்டியலும் கூட நடப்பதும் மட்டும், மற்றதைத் தொட வேண்டாம். இரண்டு நாள்தான் என்றால் ஒரே ஒருவரோடு அவர் கிணற்றைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். நாற்பது தாள் நிரப்புவதைவிட அது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். நிலம், நீர், வழி என்று இடத்தோடு ஒட்டிய விஷயமாக இல்லாமல், சூடு குளிர்ச்சி, நோய், கடன் போன்ற விஷயம் என்றால் தரைப்படத்தை விட்டு அட்டைக்குக் கூட நேரம் கொடுங்கள்.

நோட்டீஸ் மாறியது. 'நீர்மட்டம் உயரும்' போய், 'மழைத் தண்ணியை நரம்புக்கு விடுங்க' என்று வந்தது. பாறை விரிசலுக்குள் மழை இறங்குவதைத்தான் அதுவும் சொல்கிறது என்று எங்களோடு உட்கார்ந்த புவியியலாளர் ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குக் கொடுத்தோம்.

அச்சுக்குப் போகும் முன் வேலந்தாவளத்துத் தோப்புக்கு இன்னொரு தடவை போனேன், இந்தத் தடவை ஃபைல் இல்லாமல். அந்த அம்மா கிணற்று மேட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கிழக்குத் தோட்டத்து வேலிக்கு வந்ததும் நின்று, காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். "இப்படித்தான் வந்துட்டு இருந்துச்சு. இங்க அறுந்தது." அறுந்த நரம்பு அவ்வளவுதானா அம்மா, ஒட்டவே ஒட்டாதா என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒட்டாம என்ன? ஐப்பசி மழைல ஒட்டும் கண்ணு. ரெண்டு முழம் ஏறும், வந்து பாரு. தையில மறுபடி அவங்க மோட்டாரை விட்டதும் அறுந்துக்கும்."

முதல் நாள் ஓரத்தில் கிறுக்கிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'அறுந்தால் ஒட்டாது' என்ற வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது, அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ஐப்பசியில் ஒட்டும்' என்று எழுதினேன்.